எம்பிராய்டரியும் ஆய்வும் ஒரே ஊசியில்

கலை ஒரு பக்கம், மனித-கணினி ஊடாட்ட ஆய்வு (ஆட்கள் மின்னணுக் கருவிகளோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்ப்பது) இன்னொரு பக்கம் என்று பிரிக்க வேண்டியதில்லை. ஆய்வாளர் லியா பீக்லி உருவாக்கி 2007இல் விற்பனைக்கு வந்த, துணியில் தைக்கக்கூடிய சின்ன மின்னணுப் பலகையான லில்லிபேட் ஆர்டுயினோவே அதற்குச் சாட்சி.

நீங்களும் இரண்டையும் சேர்த்துச் செய்ய, முதலில் ஆய்வுக் கேள்வியைச் சின்னதாக வையுங்கள்: தொட்டால் ஒளிரும் பூவை ஆட்கள் எங்கே தொடுகிறார்கள்? சரி, இனி மின்கடத்தும் நூலால் தையுங்கள். முடிச்சுப் பக்கம் பிசிறை ஒட்ட வெட்டாவிட்டால் பக்கத்துத் தையலில் உரசி ஷார்ட் ஆகும், என் பாதி மாலைகள் அதிலேயே போயின. பிரித்துப்போட்ட தையலையும் படமெடுத்து, ஏன் பிரித்தீர்கள் என்று அன்றைக்கே தேதியோடு எழுதிவையுங்கள், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைக்கு உண்மையான தரவு அதுதான், அழகாக முடிந்த துணி அல்ல.

அப்புறம் நாலு பேரிடம் ஒப்புதல் வாங்கி, எந்த விளக்கமும் சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா கவனியுங்கள். உங்களுக்காகவே தைக்கிற ஒரு துணியை மட்டும் ஆய்வுக்குள் இழுக்காதீர்கள்.