தீவிரவாத விஷயத்துல அரசாங்கம் குடுக்குற வாக்குக்கு வீட்லயே பேரேடு போடுறது எப்படி

எங்கப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார்ல பருப்பு மண்டி வச்சிருந்தாரு. அவர்கிட்ட ஒரு பழக்கம், எதிர்ல உக்காந்திருக்குறவரு எவ்ளோ இனிக்க பேசுனாலும் சரி, தலையாட்டிட்டு பேரேட்ட எடுத்து ஒரே வரி எழுதுவாரு. யாரு, எவ்ளோ, வாய்தா என்னைக்கு. வாய்தா அன்னைக்கு ஆள் வரலன்னா திட்டல்லாம் மாட்டாரு, சிவப்பு மையில அடுத்த வாய்தாவ எழுதுவாரு, மூணு சிவப்பு விழுந்துச்சுன்னா அப்புறம் அந்தாளுக்கு கடனுக்கு மூட்ட கிடையாது, சொந்த மச்சானா இருந்தாலும்.

2025 ஏப்ரல் 22 பஹல்காம்ல 26 பேர சுட்டு கொன்னப்போ அஸ்தம்பட்டி டீக்கடைல பெரிய சண்ட, ஒருத்தரு அமெரிக்கா நம்ம பக்கம்ங்கறாரு, இன்னொருத்தரு ரஷ்யாதான் நம்பிக்கையான ஆளுங்கறாரு, நம்ம கவர்மென்ட்ட கேள்வி கேட்டா தேசத்துரோகியாங்கறாரு மூணாவது ஆளு. யாருக்கும் ஒரு தேதி கூட ஞாபகத்துல இல்ல (எனக்கும்தான்). அன்னைக்கு ராத்திரி அப்பா முறைலயே நோட்டு போட ஆரம்பிச்சேன், எப்படின்னு சொல்றேன், யாரு வேணா போடலாம்.

200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்னு வாங்கிக்கோங்க. முன் பாதி நம்ம அரசாங்கத்துக்கு, பின் பாதி கூட்டாளி நாடுங்களுக்கு. பக்கத்துக்கு நாலு கோடு: தேதி, யாரு சொன்னது, என்ன சொன்னாங்க (அவங்க வார்த்தைலயே), கடைசி கோடு காலியா விடுங்க, அதுல என்ன நடந்துச்சுன்னு அப்புறமா எழுதணும். நோட்டோட உயிரே அந்த காலி கோடுதான்.

இப்ப எத எழுதுறது எத விடுறது. "தோளோடு தோள் நிற்போம்", "ஜீரோ டாலரன்ஸ்", "கடும் கண்டனம்", இதெல்லாம் எழுதாதீங்க, மண்டிக்கு வந்து மோர் குடிச்சிட்டு போறவரு மாதிரி, சரக்கு இல்ல. நான் நாலே நாலு சரக்குதான் எழுதுறது: ஆள், பணம், ஓட்டு, பேப்பர். குத்தவாளிய ஒப்படச்சாங்களா, காசு யாருக்கு போச்சு, ஐ.நா. மாதிரி இடத்துல கை எந்த பக்கம் தூக்குனாங்க, கையெழுத்து போட்டத காப்பாத்துனாங்களா.

ஆள் கணக்குக்கு டேவிட் ஹெட்லி போதும். 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல்ல 166 பேர் செத்தாங்க, அதுக்கு முன்னாடி பல தடவ மும்பைக்கு வந்து இடம் இடமா பாத்து வீடியோ எடுத்துட்டு போனவன் அவன். அமெரிக்க குடிமகன், அதுக்கு மேல அவங்க போதப்பொருள் தடுப்பு துறைக்கு ஒரு காலத்துல உளவு சொன்ன ஆளு. 2009 அக்டோபர்ல சிகாகோல புடிச்சாங்க, 2010 மார்ச்ல குத்தத்த ஒத்துக்கிட்டான், ஒத்துக்கிட்டதுக்கு பதிலா தூக்கு கிடையாது, இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம்னு எழுதி குடுத்துட்டாங்க. 2013ல 35 வருஷ தண்டன. நமக்கு கிடச்சது 2010ல ஒரு விசாரணையும் 2016ல வீடியோ வழியா ஒரு சாட்சியமும்தான். இது சிவப்பு. ஆனா அதே அமெரிக்கா ஹெட்லியோட கூட்டாளி தஹவ்வுர் ராணாவ ஒப்படச்சு, அவன் 2025 ஏப்ரல் 10 அன்னைக்கு டெல்லி வந்து சேந்தான், தாக்குதல் நடந்து 16 வருஷத்துக்கு மேல ஆகி. தாமதம்தான், ஆனா வரவு வரவுதான், எழுதித்தான் ஆகணும்.

இங்கதான் நெறைய பேரு தப்பு பண்றாங்க, புடிக்காத நாடுன்னா வரவ மறச்சிடறது, புடிச்ச நாடுன்னா பாக்கிய மறச்சிடறது. அதே 2025ல பாருங்க, ஏப்ரல்ல ராணா வந்தாச்சு, ஜூன்ல பாகிஸ்தான் ராணுவ தளபதிக்கு வெள்ளை மாளிகைல விருந்து, ஜூலைல பஹல்காம் தாக்குதலோட பேர் அடிபட்ட டி.ஆர்.எஃப். அமைப்ப அமெரிக்கா தீவிரவாத பட்டியல்ல சேத்துச்சு. மூணும் ஒரே பக்கத்துல அடுத்தடுத்த வரி. நோட்ட பாத்தா நல்லவனா கெட்டவனான்னு தெரியாது, அவனுக்கு எது லாபமோ அத செய்றான்னு தெரியும்.

பணம்னு வந்தா அமெரிக்கா பாகிஸ்தான் கததான் பாடம். 15 வருஷத்துல 33 பில்லியன் டாலர் குடுத்தோம், பொய்யும் ஏமாத்தும்தான் திரும்ப வந்துச்சுன்னு 2018 ஜனவரி 1 அன்னைக்கு ட்ரம்ப்பே எழுதுனாரு. அதுல பெரிய பங்கு உதவி இல்ல, எங்க ராணுவம் உங்களுக்காக செஞ்ச செலவுக்கு திருப்பி குடுத்த காசுன்னு பாகிஸ்தான் தரப்பு வாதம், அதையும் பக்கத்துல எழுதி வைங்க. இத்தனைக்கும் நடுவுல 2011 மே 2 பின் லேடன் கிடச்சது அபோட்டாபாத்ல, ராணுவ அகாடமிக்கு பக்கத்துலயே. அப்புறம் 2025 மே 9, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல குண்டு விழுந்துட்டு இருக்குறப்ப, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பாகிஸ்தானுக்கு சுமார் 1 பில்லியன் டாலர விடுவிச்சுது, நம்ம பிரதிநிதி ஓட்டு போடாம விலகி நின்னாரு. இது ரெண்டு பக்கமும் போற வரி, பின் பாதிலயும் எழுதணும், முன் பாதிலயும் எழுதணும்.

ஓட்டுக்கு சீனா. ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசார ஐ.நா. பட்டியல்ல போட விடாம பல வருஷம் முட்டுக்கட்ட, கடைசில 2019 மே 1தான் பேரு ஏறுச்சு. பேப்பருக்கு அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தம், அல் கொய்தாவுக்கு எங்க மண்ணுல இடம் குடுக்க மாட்டோம்னு தாலிபான் 2020 பிப்ரவரி 29 கையெழுத்து போட்டாங்க, ரெண்டரை வருஷம் கூட ஆகல, 2022 ஜூலை 31 அல் கொய்தா தலைவர் ஜவாஹிரி செத்தது காபூல் நகரத்து வீட்டு பால்கனில.

இதுவரைக்கும் எல்லாருக்கும் ஜாலியா இருக்கும், அடுத்தவன் கணக்கு. முன் பாதிய திறந்தாத்தான் கை கூசும்.

2009 டிசம்பர்ல அப்ப உள்துறை அமைச்சரா இருந்த ப.சிதம்பரம் தேசிய தீவிரவாத தடுப்பு மையம் ஒன்னு 2010 முடியறதுக்குள்ள வேணும்னு சொன்னாரு, 2012 பிப்ரவரில உத்தரவு வந்துச்சு, மாநில உரிமை போகுதுன்னு ஜெயலலிதா உட்பட பல முதல்வருங்க எதிர்த்தாங்க, அப்படியே கிடப்புல போச்சு. எதிர்த்தது சரியா தப்பான்னு நான் சொல்ல வரல (எனக்கு அவங்க பக்கமும் நியாயம் இருக்குற மாதிரிதான் தோணுது), ஆனா அதுக்கு பதிலா என்னன்னு கேக்குற கோடு இன்னும் காலி. 2016 பதான்கோட் தாக்குதல விசாரிக்க பாகிஸ்தான் குழுவ நம்ம விமானப்படை தளத்துக்கே கூட்டிட்டு போய் காட்டுனோம், பதிலுக்கு நம்ம குழு அங்க போறது நடக்கவே இல்ல. 2019 புல்வாமால செத்த 40 பேர்ல ரெண்டு பேரு நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க, அவ்ளோ வெடிமருந்து எப்படி ரோட்டுக்கு வந்துச்சுங்கற வரி எழுதி வருஷம் ஆச்சு.

கூட்டாளி சரியா இருந்தும் வீட்டுக்காரன் தூங்குனா என்ன ஆகும்ங்கறதுக்கு இலங்கைய பாருங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 250க்கு மேல உயிர் போச்சு. ஏப்ரல் 4லயே இந்தியா எச்சரிக்க குடுத்துடுச்சு, கோயம்புத்தூர்ல என்.ஐ.ஏ. (தேசிய புலனாய்வு முகமை) விசாரிச்ச கேஸ்ல இருந்துதான் அந்த நூல் கிடச்சதா செய்தில வந்துச்சு. கொழும்புல யாரும் அசையல. பாதிக்கப்பட்ட குடும்பங்க விடாம கோர்ட்டுக்கு போனாங்க, 2023 ஜனவரில இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன கைக்காசுல 10 கோடி ரூபா குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு.

சரி, காலி கோட்ட நெரப்ப எங்க போறது. முதல்ல நாடாளுமன்றம். மக்களவை, மாநிலங்களவை கேள்வி பதில் எல்லாம் சன்சாத் வெப்சைட்ல சும்மா கிடக்குது, அமைச்சகம் பேர போட்டு தேடுனா போதும். பதில்ல "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு இருந்தா அத விட்றாதீங்க, அது உறுதிமொழி கணக்குல சேரும், 3 மாசம் வாய்தா, அதுக்குன்னே உறுதிமொழி குழு ஒன்னு இருக்கு. தேதிய எழுதி 3 மாசம் கழிச்சு திரும்ப பாருங்க. உங்க கேள்விய யாரும் கேக்கவே இல்லன்னா எம்.பி. ஆபீஸுக்கு எழுதி குடுங்க, 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிடணும்.

ரெண்டாவது தகவல் உரிமை சட்டம். மொத தடவ நான் "ஏன் ஹெட்லிய கொண்டு வரல, யாரு பொறுப்பு"ன்னு ரெண்டு பக்கத்துக்கு கோவமா எழுதி அனுப்புனேன், ஒரு அமைச்சகத்துல இருந்து ரெண்டே வரில பதில், காரணம் கேக்குறது தகவல் ஆகாதாம். சட்டப்படி அவங்க சொன்னது சரிதான், கோவந்தான் எனக்கு. அதனால ஏன்னு கேக்காதீங்க, எத்தனைன்னு கேளுங்க: இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும், தீவிரவாத வழக்குல, எந்தெந்த நாட்டுக்கு எத்தன ஒப்படைப்பு கோரிக்க அனுப்புனீங்க, எத்தனைக்கு பதில் வந்துச்சு. என்.ஐ.ஏ., அப்புறம் உளவுத்துறைங்களான ஐ.பி., ரா, இந்த மூணும் 24வது பிரிவுல விலக்கு, ஊழல் மனித உரிமை மீறல் புகார் தவிர ஒன்னும் வராது, அதனால உள்துறைக்கோ வெளியுறவுக்கோ அனுப்புங்க. வெளிநாட்டு அரசு ரகசியமா குடுத்ததுன்னு 8(1)(எஃப்) காட்டி மறுப்பாங்க, அப்ப 10வது பிரிவ சொல்லி மறைக்க வேண்டியத மறச்சிட்டு மிச்சத்த குடுங்கன்னு அப்பீல்ல கேளுங்க. படை எங்க நிக்குது, யாரு உளவு சொன்னாங்கன்னு கேக்கவே கேக்காதீங்க, அது வம்பு, நமக்கு தேவையும் இல்ல.

தமிழ்லயே எழுதலாம், சட்டத்துல இடம் இருக்கு, நான் கூட ஒரு இங்கிலீஷ் பிரதியும் வைக்கிறேன், மொழிபெயர்க்கணும்னு இழுக்காம இருக்க. ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல 10 ரூபா போஸ்டல் ஆர்டர் வாங்கி, அக்கவுன்ட்ஸ் ஆபீசர் பேருக்கு போட்டு, ஸ்பீட் போஸ்ட்ல விடுங்க, கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழம மனு நாள்ல கொண்டு போய் நின்னா நேரந்தான் வீண், இது மத்திய அரசு சமாச்சாரம். 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுலயும் ஒன்னும் இல்லன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம். மூணு தேதியும் நோட்டுலயே எழுதிடுங்க, தபால் ரசீத அந்த பக்கத்துலயே பின் அடிச்சு வைங்க.

இன்னொன்னு, இந்த நோட்டு அரசாங்கங்களுக்கு மட்டுந்தான். எங்க தெருல ஒருத்தரு இதுல எதுத்த வீட்டு பாய் பேர எழுதச் சொன்னாரு, எங்கப்பாவுக்கு 20 வருஷம் வாய்தா தவறாம பணம் குடுத்தவரு அவரு, போயிட்டு வாங்கண்ணான்னு சொல்லி அனுப்பிட்டேன்.