சிக்னலில் மட்டும் ஏறிய டெம்பரேச்சர்

என் கார் திருமங்கலம் ரோட்டில் 80-ல் போனால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கும். கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினால் விறுவிறுவென ஏறும்; சிவப்பை நெருங்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஊளையிட்டுக் கிளம்பி இறக்கிவிடும். கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றியாச்சு. பலனில்லை. “ஃபேன்தான் ஓடுதே சார்” என்று மெக்கானிக் அந்தப் பக்கமே போகவில்லை.

துப்பு கொடுத்தது ஏசி. வண்டி ஓடினால் குளிர்ச்சி, நின்றால் வெதுவெதுப்பு. ஏசி போட்டதுமே ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும்; பானட்டைத் திறந்து பார்த்தால் அசையவே இல்லை. என் வண்டியில் மெதுவேகத்துக்குக் கரண்ட் அதைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, அதிவேகத்துக்கு நேரடி. ஃபேன் கூட்டில் திருகியிருந்த ரெசிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் இணைப்பே காட்டவில்லை; மெதுவேகம் செத்துப்போய், அதிவேகம் மட்டும் கடைசி நேரத்தில் கிளம்பியிருக்கிறது. கனெக்டர் ஓரமும் பழுப்பேறி உருகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். முள் இப்போது பாதியைத் தாண்டுவதில்லை, அப்பாடா!

சோதிக்கும்போது ஃபேனில் கை வைக்காதீர்கள். சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் சுற்றும்.