வாடகை பாக்கியும் அட்வான்ஸும்: மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

கல்லூரி மாணவர்கள் நால்வர் சேர்ந்து சென்னையில் ஒரு வீடு எடுக்கிறார்கள். எட்டாம் மாதத்தில் ஒருவர் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட, அவருடைய பங்கு நின்றுபோய், வீட்டு உரிமையாளர் மொத்த பாக்கியையும் மற்ற மூவரிடம் கேட்கிறார். “என் பங்கை நான் கட்டிவிட்டேன்” என்ற பதில் இங்கே பெரும்பாலும் உதவாது. நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பங்குகளைத் தனித்தனியே எழுதாமல் விட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி முழுத் தொகையையும் எவரேனும் ஒருவரிடமே உரிமையாளர் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே பாக்கியை அடைத்துவிட்டு, போன நண்பரிடம் பிறகு கேட்பதே பாதுகாப்பானது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதால், முதலாண்டு மாணவருக்குப் பதிலாகப் பெற்றோர் கையெழுத்திடுவது நல்லது.

பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் மாதவாரியாகக் கணக்கு எழுதுங்கள்: எந்த மாத வாடகை, எந்தத் தேதியில், யார் கணக்கிலிருந்து போனது, ஈபி கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் அதில் சேர்ந்தவையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காத மாதங்களில்தான் சண்டை வளர்கிறது. ரசீது தருவது உரிமையாளரின் கடமை. வங்கி வழியாகச் செலுத்தினால் அந்தப் பதிவே சான்றாகிறது.

“அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்பது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அட்வான்ஸ் என்பது வீட்டுக்கான பிணைத்தொகை. குடியிருக்கும்போதே அதை வாடகையாகக் கருத, உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் நீங்கள் பாக்கிதாரர்தான்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரண்டு மாத வாடகை நிலுவையாகி, பாக்கியைக் கட்டச் சொல்லி உரிமையாளர் கேட்பு அறிவிப்பு அனுப்பி, ஒரு மாதத்துக்குள்ளும் தொகை முழுமையாக வராவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை நாட அவருக்கு வழி தருகிறது. அந்த ஒரு மாதம்தான் மாணவருக்குக் கிடைக்கும் அவகாசம். அறிவிப்பை வாங்க மறுப்பதாலோ செல்பேசியை அணைத்து வைப்பதாலோ அது நீளாது. உரிமையாளரே வாடகையை வாங்க மறுத்தால், இரண்டு மாதம் தொடர்ந்து அஞ்சல் பணவிடை போன்ற வழியில் அனுப்பிப் பார்த்து, அதன்பின் இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரமில்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு. மாணவிகளுக்கு வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை.

தவணையில் கட்டுவதாக முடிவானால் தொகையையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும் நாளில் மின்மீட்டர் அளவையும் ஒவ்வொரு அறையையும் உரிமையாளர் முன்னிலையில் படமெடுத்து, சாவியை ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், சாவி ஒப்புதலில் உள்ள தேதியிலிருந்துதான் அந்த ஒரு மாதக் கணக்கு தொடங்கும். பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கும் வழக்கம் சென்னையில் உண்டு. அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.