தேயிலை வாங்கப் போகிறீர்களா? பெட்டியை மறைத்துவிட்டுப் பாருங்கள்

அட்டனில் தேயிலைக் கடையில் நிற்பவன் நான். வருகிறவர்கள் முதலில் தொடுவது தங்க நிறத் தகரப் பெட்டியைத்தான்.

விலையைக் கிலோவுக்கு மாற்றுங்கள். பெட்டி 80 கிராம் 480 ரூபா, கடதாசிப் பொதி 200 கிராம் 700 ரூபா என்றால், கை தானாக 480 பக்கம் போகும். கணக்குப் போட்டால் கிலோ 6000, மற்றது 3500.

பொதியில் போட்டிருக்கும் பீஓபீ, பீஓபீஎஃப், டஸ்ட் என்ற தர எழுத்துகள் எல்லாம் தூளின் பருமன், ருசிக்குப் போட்ட புள்ளி இல்லை. பால் தேத்தண்ணிக்கு எங்கள் வீட்டில் டஸ்ட்தான். சட்டென்று சாயம் இறங்கும். சிங்க இலச்சினை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது.

சரி, ருசி? ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள் எடுங்கள். அடியில் பெயரை ஒட்டி, வீட்டில் யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தேத்தண்ணியை ருசி பார்க்கத் தயாரிக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3103 முறைப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி வைத்து 6 நிமிடம். கரண்டிக் கணக்கு வேண்டாம். டஸ்ட் ஒரு கரண்டியில் கூடுதலாக நிற்கும், அப்புறம் அதுதான் 'கடுப்பம்' என்பீர்கள். வடித்து, வெறுமையாகக் குடித்து, பிடித்ததைச் சொன்ன பிறகே கோப்பையைத் திருப்புங்கள். பாலும் சீனியும் அதற்கப்புறம்.