ஒளிவிழா மேடையில் ஒரு கரோலின் பிறப்பைச் சொல்வது எப்படி

மட்டக்களப்பில் மார்கழி பிறந்தால் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒளிவிழாக்கள் தொடங்கிவிடும். பாடகர் குழு எழுந்து நிற்குமுன் கீதத்தின் வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்தால், சொல், மெட்டு, தமிழாக்கம் ஆகிய மூன்றின் பிறப்பையும் தனித்தனியே தேடுங்கள். ‘இராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’ 1592ஆம் ஆண்டுப் பாட்டு என்று நான் ஒருமுறை எழுதிக் கொடுக்க, ஒலிபெருக்கியிலும் அப்படியே வாசித்துவிட்டார்கள். அது மெட்டின் வயது.

அதன் ஆங்கிலச் சொற்கள் 1700இல், வேதாகமத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களைச் செய்யுளாக்கிய ஒரு நூலின் பின்னிணைப்பில் வெளிவந்தன. இயற்றியவர் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் நாகூம் டேட் என்பர். வேதத்தைத் தழுவிய செய்யுள்களையே இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டில் பாடிய அக்காலத்தில், லூக்கா நற்செய்தியின் 2:8–14 பகுதியை ஏறத்தாழ அப்படியே பாட்டாக்கியதால் இதற்கு இடம் கிடைத்தது. ஆகவே லூக்காவைத் திறந்து வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

மெட்டை ஆராயக் கையைத் தட்டினாலே போதும். ‘ராக்–கா–லம் பெத்–லேம் மேய்ப்–பர்–கள்’ என்று எட்டு அசையும், ‘தம் மந்–தை காத்–த–னர்’ என்று ஆறு அசையும் வரும். ஆங்கில மூலத்தின் அளவும் இதுவே. மொழிபெயர்த்தவர் அந்த அளவுக்குள் அடக்குவதற்காக, மேய்ப்பர் தரையில் அமர்ந்திருந்த செய்தியை விட்டு, மூலத்தின் முதலடியில் இல்லாத பெத்லேமைச் சேர்த்திருக்கிறார். எட்டும் ஆறுமான இந்த அளவில் பல மெட்டுகள் இருப்பதால் சொற்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம்: இங்கிலாந்தில் வழங்குவது 1592ஆம் ஆண்டுச் சங்கீத நூலில் அச்சான ‘வின்செஸ்டர் ஓல்ட்’, அமெரிக்காவில் இதே சொற்களை இசையமைப்பாளர் ஹாண்டலின் இசையிலிருந்து எடுத்த மெட்டில் பாடுகிறார்கள்.

தமிழாக்கியவரின் பெயர் உங்கள் பாட்டுப் புத்தகத்தில் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊகித்து ஒருவருக்குச் சூட்டாதீர்கள்.

சபையில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் ஆண்டுகளை அடுக்காமல், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மாட்டுப்பட்டிக்கு இராக்காவல் இருப்பவர்களைச் சொல்லி மேய்ப்பரை அறிமுகப்படுத்துங்கள். பிறகு எட்டும் ஆறுமாகச் சபையையே ஒருமுறை தட்டச் செய்து, அந்தத் தாளம் ஓயுமுன் ஒலிவாங்கியைப் பாடகர் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.