மட்டி வாழைச் சோதனைக்கு எத்தனை கன்று? நடுவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு

பேச்சிப்பாறை, திருவட்டாறு பக்கம் மட்டி வாழையில் புது உரமுறையைச் சோதிக்கும் மாணவர்கள் பலர், குலை வெட்டிய பிறகுதான் புள்ளியியல் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். அப்போது எதையும் திருத்த முடியாது.

தவறு இரண்டு விதமாக வரும். பலனில்லாத உரத்தைப் பலனுள்ளது என்பது முதல் வகைப் பிழை. வழக்கமாக இதற்கு 5 சதவீதம் இடம் தருவோம். நிஜமாகவே பலன் தரும் உரத்தைக் கோட்டைவிடுவது இரண்டாம் வகை. அதை 20 சதவீதத்தில் நிறுத்தினால் சோதனையின் பவர், அதாவது நிஜமான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, 80 சதவீதம்.

குலை எடையின் திட்ட விலக்கம் (எடை குலைக்குக் குலை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) 2 கிலோ, விவசாயிக்குப் பிரயோஜனப்படும் குறைந்த வித்தியாசமும் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 5, 80 சதவீதங்களுக்கான எண் 16. விலக்கத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்கி, வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுங்கள்: 16×4÷4. ஒப்பிடும் இரண்டு பிரிவுக்கும் தலா 16 மூடு (வாழை மரம்). 1 கிலோ வித்தியாசத்தைப் பிடிக்க 64 வேண்டும். வித்தியாசம் பாதியானால் கன்று நாலு மடங்கு. காற்றில் 15 சதவீதம் சாயலாம் என்றால் 16-ஐ 0.85-ஆல் வகுத்து 19 நடுங்கள்.

அதிகம் சறுக்கும் இடம் இது: ஒரே குலையின் மூன்று சீப்பை எடைபோட்டு மூன்று மாதிரி என்று எழுதுவது. உரத்தை மூடு மூடாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் மூடுதான் அலகு. பாத்தி பாத்தியாகப் பிரித்தால் பாத்திதான் அலகு. அதில் எத்தனை மூடு நின்றாலும் ஒன்றுதான்.

அடுத்தது, அளவுகளின் பெருக்கம். எடை, சீப்பு, காய் நீளம், தண்டுச் சுற்றளவு என்று 10 அளவைத் தனித்தனியே 5 சதவீதத்தில் சோதித்தால், உரம் எதையுமே மாற்றாவிட்டாலும் ஒன்றாவது 'பலன்' காட்ட 40 சதவீத வாய்ப்பு. அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கினால் இது சற்றுக் குறையும். எனவே முதன்மை அளவு ஒன்றை நடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

மற்றவற்றுக்கு, பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து வரிசையாகப் பார்க்கும் ஹோம் முறை நல்லது. பி மதிப்பு என்பது, உரத்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. ஐந்து பி மதிப்புகள் 0.004, 0.011, 0.02, 0.04, 0.3 என்றால், சிறியதை 0.05÷5 உடனும் அடுத்ததை 0.05÷4 உடனும் ஒப்பிட வேண்டும். இரண்டும் தேறும். மூன்றாவது 0.0167-ஐத் தாண்டுவதால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் 0.05÷5 உடனேயே ஒப்பிடும் போன்ஃபெரோனி முறையில் முதலாவது மட்டுமே தேறும். பத்தையும் முதன்மையாக்கி போன்ஃபெரோனி போட்டால் அதே பவருக்கு 16 போதாது, 27 மூடாவது வேண்டும்.

முடிவு தேறவில்லை என்றால் கிடைத்த வித்தியாசத்தை வைத்துப் பவரைத் திரும்பக் கணக்கிடாதீர்கள். அது பி மதிப்பையே வேறு உருவில் சொல்வது. 95 சதவீத நம்பக இடைவெளியை, அதாவது கிடைத்த தரவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் எல்லையை, கொடுங்கள். அது -0.4 முதல் 2.4 கிலோ வரை என்றால், 'பலனில்லை' என்று எழுத இடமில்லை. 2 கிலோ பலன் அதற்குள்ளேயே நிற்கிறது.