குதிங்கால் எலும்பில் ஆணி: சிலுவைத் தண்டனையின் தடயத்தை உறுதிசெய்வது எப்படி?

ரோமானியக் காலப் புதைகுழியில் எலும்பருகே ஆணி கிடைத்தால் உடனே சிலுவை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் அது சவப்பெட்டி ஆணி. எலும்பை ஊடுருவியிருக்கிறதா, வெறும் துருவால் ஒட்டியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பிடுங்கிப் பார்க்கவே கூடாது, எக்ஸ்ரே எடுங்கள். இங்கிலாந்தின் ஃபென்ஸ்டன்டனில் 2017-இல் தோண்டியெடுத்த எலும்புக்கூட்டில், ஆய்வகத்தில் மண்ணைக் கழுவிய பிறகுதான் வலது குதிங்காலைத் துளைத்த ஆணி தெரிந்தது.

அடுத்தது அளவு. 1968-இல் ஜெருசலேமில் கல் எலும்புப்பெட்டியில் கிடைத்த, சிலுவையில் அறையப்பட்ட யெஹோஹனான் என்பவரின் குதிங்கால் நல்ல பாடம். ஒரே ஆணி இரு குதிங்கால்களையும் துளைத்ததாக முதலில் எழுதினார்கள். 1985-இல் மறுபடி அளந்தபோது ஆணியின் நீளம் 11.5 செ.மீ.தான், துளைத்திருந்தது வலது குதிங்காலை மட்டும், அதுவும் பக்கவாட்டில். பரவலாக அறியப்பட்ட சித்திரமே இதனால் மாறியது.

ஆணியின் கொண்டைக்கும் எலும்புக்கும் நடுவே மரத்துணுக்கு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். கால் நழுவாமலிருக்க வைத்த பலகையின் மிச்சம் அது. ஆணியின் முனையையும் கவனியுங்கள். யெஹோஹனானின் ஆணி முனை வளைந்திருந்தது. கழற்ற முடியாமல் காலோடே போனதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

கை எலும்புகளில் தடயம் இல்லையென்றால் குழம்ப வேண்டாம், கயிற்றால் கட்டுவதும் வழக்கம். கி.மு. 71-இல் ரோமை எதிர்த்த அடிமைகளின் ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சிக்குப் பின், இத்தாலியின் அப்பியன் சாலையில் அறையப்பட்ட சுமார் 6,000 பேரில் ஒருவரின் எலும்பும் அடையாளம் காணப்படவில்லை. இத்தகைய தடயங்கள் அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: ஆணிகளைக் கழற்றினார்கள், பல உடல்களுக்கு அடக்கமே மறுத்தார்கள்.